ரைட்டர் கவாத்து செய்த தக்காளி

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கவாத்துக் கத்தரி தொங்குகிறது. காப்பிச் செடியின் கொப்புகளை வெட்டுகிற கத்தரி. கைப்பிடியின் சிவப்பு வர்ணம் தேய்ந்து இரும்பு தெரிகிறது. உள்ளே இருக்கும் சுருள்வில்லை மட்டும் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. அது என் வீட்டுக்காரருடையது. ஆனால் நாற்பது வருஷமாக என் பொறுப்பில் இருக்கிறது. என்னைக் கேட்காமல் அவர் அதைத் தொடமாட்டார். ஏற்காட்டில் அத்தனை ஏக்கர் காப்பிக்கு முன்னால் நின்று கவாத்து பார்த்த எஸ்டேட் ரைட்டர், அதாவது கணக்குப்பிள்ளை, ஒரு கத்தரியை எடுக்கப் பெண்டாட்டியிடம் உத்தரவு கேட்கிறாரே என்று எங்கள் மருமகள் வாய்விட்டுச் சிரிப்பாள். அவளுக்குக் கதை தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மண்தான், ஆனால் எங்களுக்கென்று ஒரு கைப்பிடி கிடையாது. காப்பிச் செடி ஜன்னல் வரை வந்து நிற்கும். வாசலில் ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்குச் சிமெண்டுத் தளம், அவ்வளவுதான். மற்ற நாளில் இது எனக்கு ஒரு குறையாகத் தெரியாது. காப்பி பறிப்பு முடிந்து, எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அறுப்பின் பண்டிகை வரும்போதுதான் உறுத்தும். அன்றைக்கு அவரவர் விளைவித்ததில் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைக்க வேண்டும். நிலம் வைத்திருந்தவர்கள் வாழைத்தாரும் பூசணியும் ஆரஞ்சுக் கூடையும் தூக்கி வருவார்கள். நான் சேலத்தில் வாங்கிய தக்காளியைத் தட்டில் அடுக்கிக்கொண்டு போவேன். ஒரு வருஷம், காணிக்கைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க ரைட்டரூட்டம்மா, இது சேலத்து மார்க்கெட்டுச் சாமானுங்களா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, பாவம். ஆனாலும் என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அடுத்த வருஷம் என் கையால் விளைந்ததைத்தான் கொண்டுவருவேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எஸ்டேட் பங்களாவின் தோட்டக்காரர் ஒரு சிட்டிகை விதை கொடுத்தார். கோலிக்குண்டு அளவில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் குட்டித் தக்காளி. இப்போது செர்ரித் தக்காளி என்று கடையில் டப்பாவில் வைத்து விற்கிறார்கள். இரண்டு மண்ணெண்ணெய் டின், இரண்டு பால்பவுடர் டின், அடி விரிந்த ஒரு பிளாஸ்டிக் வாளி. டின்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஓட்டுச் சில்லை வைத்து, மட்கிய காப்பித் தொலியும் செம்மண்ணும் கலந்து நிரப்பினேன். ஐந்து நாற்றும் பிழைத்தன. இது உயரமாக ஏறுகிற ஜாதி இல்லை, புதராகப் படர்கிற ஜாதி. ஒவ்வொரு பக்கக் கிளையும் பூவெடுத்துக் காய்க்கும். மண்ணைத் தொடுகிற அடி இலைகளை மட்டும் கிள்ளிவிட்டு, சாய்கிற கிளைக்கு ஒரு குச்சி கொடுத்தால் போதும் என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். காலை வெயில் நகர நகர டின்களையும் நகர்த்துவேன். தை பிறந்தபோது தளம் முழுக்க ஒரே பச்சை. காய் எது, இலை எது என்று தெரியாத அளவுக்குப் பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரருக்கு அது கண்ணை உறுத்தியது. காலையில் பல் விளக்கிக்கொண்டே குனிந்து பார்ப்பார். "என்ன அம்மிணி இது, பொதராட்டம்? உள்ளார காத்துப் போவ வேண்டாமா?" என்பார். "கைய வெச்சுராதீங்க, சொல்லிட்டேன்," என்பேன். அவருக்குக் கை பரபரத்தது எனக்குத் தெரியும். அது காப்பிக்குக் கவாத்து நடக்கிற சமயம் வேறு.

பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தங்கைக்குப் பிரசவம் என்று சேலத்துக்குப் போனேன். மூன்றாம் நாள் மத்தியான பஸ்ஸில் திரும்பினேன். அடிவாரம் தாண்டி மலை ஏறும்போதே, முதல் கொத்து சிவந்திருக்குமோ என்றுதான் யோசனை. வந்து பார்த்தால் டின்களில் ஐந்து ஒற்றைத் தண்டுகள் நிற்கின்றன. பக்கக் கிளை ஒன்றுகூட இல்லை. நுனியைக் கிள்ளி, குச்சி நட்டு, வாழைநாரால் இழுத்துக் கட்டி, அப்படியே காப்பிச் செடி! வெட்டியதையும் வீணாக்கவில்லை மனிதர். காப்பித் தோட்டத்தில் செய்வதுபோல, கிளை, பூ, பச்சைக்காய் எல்லாவற்றையும் செடிக்கு அடியிலேயே பரப்பி வைத்திருந்தார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையனைப்போல, கத்தரியும் கையுமாகப் பக்கத்தில் நின்றார்.

"பாத்தியா, இப்பத்தான் லட்சணமா நிக்குது. இனி எப்பிடிக் காய்க்கும் பாரு!"

எனக்கு அழுகைதான் வந்தது. "காப்பிக்கு அடுத்த வருசம் இருக்குதுங்க. தக்காளிக்கு ஏதுங்க அடுத்த வருசம்?" என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். இன்றைக்கு வெட்டி அடுத்த வருஷம் எடுப்பதுதான் அவர் அறிந்த விவசாயம். ஒரே பருவத்தில் பூத்துக் காய்த்து முடிந்துபோகும் செடி ஒன்று உண்டு என்பதை அவர் நினைத்தே பார்த்திருக்கவில்லை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சோறு போடுவேன், சாப்பிடுவார், போவார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது. எனக்கோ, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் இறங்கி வர மனசில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, சாயங்காலம் உலை வைத்துவிட்டு அரிசி டிரம்முக்குள் படியை விட்டேன். உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. அரிசியை விலக்கிப் பார்த்தால், குட்டித் தக்காளிகள். சில பச்சை, சில மஞ்சள், இரண்டு மூன்று நல்ல சிவப்பு. வெட்டிப்போட்ட கிளைகளிலிருந்து முற்றின காயாகப் பார்த்துப் பொறுக்கி, எனக்குத் தெரியாமல் பழுக்கப் போட்டிருக்கிறார். காலையில் நான் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரத்தில் டிரம்மின் மூடி சத்தம் கேட்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. நான் ஒன்றும் கண்டுகொள்ளாததுபோல அரிசியை மூடிவிட்டு, மேலாக அள்ளி உலையில் போட்டேன். அன்றைக்குச் சாப்பாட்டில் அவருக்கு ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழுந்தது.

பண்டிகையன்று தட்டு நிறையவில்லை. அரிசிக்குள்ளிருந்து அவர் எடுத்து வைத்ததில் ஒரு சின்னக் கிண்ணம்தான் தேறியது, அதிலும் பாதிப் பழம் தோல் சுருங்கியிருந்தது. நான் எடுக்கப் போனபோது அவர் முந்திக்கொண்டார். கோயிலில் எப்போதும் கடைசி வரிசையில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருக்கிற மனிதர், கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாழைத்தார்களுக்கு நடுவே நடந்து போனார். நான் பின்னால் போனேன். அதே பெரியம்மாதான் நின்றிருந்தார். கிண்ணத்தை வாங்கி, "ஏனுங்க ரைட்டரே, இத்தினியூண்டு தக்காளி எங்கீங்க கெடச்சுது?" என்றார்.

"எங்கூட்டுல வெளஞ்சதுங்க," என்றார் அவர், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. பின்னால் நின்ற என்னைக் கையால் காட்டினார். "வளத்துனது அவிங்க. நொம்ப நல்லாத்தான் வளத்துனாங்க. வெட்டிப் போட்டது நானுங்க."

அவர் யாரிடமும் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் கத்தரியைத் துடைத்து என் கையில் கொடுத்து, "இது இனி உன்கிட்டயே இருக்கட்டும்," என்றார். வெட்டிய நுனிகளில் சிலதை அவர் எஸ்டேட் நாற்றுப் பைகளில் ஊன்றி வைத்திருந்ததும் பிறகுதான் தெரிந்தது. வெயில் காலத்தில் அவை காய்த்த காய்ப்பில், குவார்ட்டர்ஸில் ரசம் வைக்காத வீடில்லை.

இப்போது அடிவாரத்தில் சொந்த வீடு இருக்கிறது. பின்னால் கொஞ்சம் மண்ணும் இருக்கிறது. ஆனாலும் குட்டித் தக்காளியை நான் டின்னில்தான் வைக்கிறேன், பழகிவிட்டது. இன்றைக்குக் காலையில் அவர் செடிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. எனக்குத் தெரியாதா?

"அம்மிணி, அந்த அடி எலை ரெண்டு மண்ணத் தொட்டுட்டு கெடக்குது. எடுத்துரட்டுமா?"

"ரெண்டுதானுங்க," என்று சொல்லி, ஆணியிலிருந்து கத்தரியை எடுத்துக் கொடுத்தேன். வெட்டிவிட்டு, துடைத்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். நான் போய் எண்ணிப் பார்த்தேன். மூன்று.