அதட்டாத முதலாளி

அந்தக் கதையை அச்சில் பார்த்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. எழுதியது நான்தான்.

பெரியநாயக்கன்பாளையத்தில், பம்ப் மோட்டார் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் நான்கு வருடம் செம்புக்கம்பி சுற்றினேன். என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா ஒருத்தி பிரஸ் மெஷினில் தகடு வெட்டினாள். ஒரே பஸ்ஸில் வருவோம், ஒன்றாகச் சாப்பிடுவோம். மெஷினுக்குள் கை போகாமல் தடுக்க ஒரு கம்பிவலை இருந்தது. வேலை மெதுவாகிறது என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றி மூலையில் சாய்த்தார். மூன்றாம் வாரம் அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் கட்டிலருகே இருந்தேன். ஃபிளாஸ்க் காபியை அவரே ஆற்றிக் கொடுத்தார்.

"ஏனுங்க அம்மணி, ரொம்ப வலிக்குதுங்களா? நீங்க எங்கூட்டுப் பொண்ணாட்டங்க. ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க கண்ணு."

பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார். விபத்து அவளுடைய கவனக்குறைவால் நடந்தது என்று டைப் செய்திருந்தது. அக்கா பத்தாவது பாஸ். கையெழுத்து அவ்வளவு அழகாக இருக்கும். வலது கையில் கட்டு. அதனால் இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி ரேகை வாங்கினார். தன் கைக்குட்டையால் விரலைத் துடைத்தும் விட்டார். அக்கா "தேங்க்ஸுங்க" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பின் அவளை வேலைக்குக் கூப்பிடவே இல்லை.

சில வருடம் கழித்து இதைக் கதையாக எழுதி அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"நம்பற மாதிரி இல்லையேம்மா. இவ்வளவு மரியாதையாப் பேசியா ரேகை வாங்குவாங்க? அவ வேற தேங்க்ஸ் சொல்றா!"

"நடந்ததுங்க சார். நான் பக்கத்துலயே இருந்தேன்."

"நீங்க இருந்தீங்க. வாசகர் இல்லையே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அச்சில் பார்க்கும் ஆசை விடவில்லை. முதலாளியைக் கத்த வைத்தேன். அவளை அவர் காலில் விழ வைத்தேன். காகிதத்தையே கதையிலிருந்து எடுத்துவிட்டேன். கதை வந்தது. நேரில் பார்த்தது போல இருந்ததாக நாலு பேர் எழுதினார்கள்.

பத்திரிகையை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"ஆரு அம்மணி இவ? அவரு எப்ப என்னயக் கத்தி வஞ்சாரு? வஞ்சிருந்தா நானும் திருப்பி வஞ்சிருப்பேன். கண்ணு, கண்ணுன்னு சொல்லித்தான ரேகைய வாங்கிப்போட்டாரு? கால்ல உழுந்தனா நானு? அப்பறம், நீயும் அங்கதான இருந்த. கதைல உன்னயக் காணமே?"

ஆசிரியர் மேலிருந்த கோபமெல்லாம் என் மேலேயே திரும்பியது.

வீட்டுக்கு வந்து, ஆசிரியர் நம்ப மறுத்த முதல் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதில் முதலாளி கடைசிப் பக்கத்தில்தான் வருகிறார், வந்ததும் தேனாகப் பேசுகிறார். யார் நம்புவார்கள்? நான் நம்பினேன் என்றால், நான்கு வருடம் தினமும் காலையில் "சாப்புட்டீங்களா கண்ணு?" என்று அவர் கேட்டதைக் கேட்டுப் பழகியவள் நான். வலையைக் கழற்றும்போதுகூட சூப்பர்வைசர் "கொஞ்சம் நவுந்துக்குங்க அம்மணி" என்றுதான் சொன்னார். அதையெல்லாம் விட்டுவிட்டு ரேகையை மட்டும் நம்பச் சொல்லியிருக்கிறேன்.

மறுபடி எழுதினேன். முதல் பக்கத்திலிருந்தே அந்த மரியாதையை நிறைத்தேன். ஆஸ்பத்திரிக் காபி வரும்போது வாசகரும் நன்றியோடு கை நீட்ட வேண்டும் என்று எழுதினேன். கட்டிலருகே வாய் திறக்காத ஒருத்தியையும் நிறுத்தினேன். என் தொகுப்பில் அதுதான் இருக்கிறது. அக்கா படித்துவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

போன மாதம் ஒரு கல்லூரியிலிருந்து, பழைய கதையை நாடகமாகப் போட அனுமதி கேட்டார்கள். அந்த முதலாளி கத்துகிற கட்டம் மேடைக்கு நன்றாக இருக்குமாம்.

"முடியாதுங்க. அது பொய்" என்றேன்.

"கதைன்னாலே பொய்தானுங்க மேடம்?" என்று சிரித்தார் பேசியவர்.

"இல்லீங்க!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.