படுதாக் குளத்தில் ஒரு காட்டாமை

எங்கள் மலையூர் ஆனைக்கரையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர்கள் குழி தோண்டி, பிளாஸ்டிக் படுதா விரித்து மழைநீரைத் தேக்குவார்கள். படுதாக் குளம் என்போம். கரை வழுக்கும், பிடிக்க எதுவும் கிடையாது. என் மகளை அதன் பக்கமே விடாமல் வளர்த்தேன்.

போன மழைக்காலத்தில், களை எடுக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் ஓர் ஆமை கிடைத்தது. எங்கள் ஊரில் ஆமையைக் கொல்லவும் மாட்டார்கள், தோட்டத்தில் வைத்திருக்கவும் மாட்டார்கள். தண்ணீரில் விட்டால் புண்ணியம் என்று தோட்டக்காரர் அதைத் தன் படுதாக் குளத்தில் விட்டுவிட்டார். வேலியோரம் நின்று அதை எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னதும் அவர்தான்.

கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகள், கண்ணைச் சுற்றிச் சிவப்பாக இருந்ததா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார். ஓடினாள். அது காட்டாமை. இந்த மேற்குத் தொடர்ச்சி மலைகளில் மட்டும் மிஞ்சியிருப்பது. உதிர்ந்த பழமும் புல்லும் தின்று தரையில் வாழ்வது. ஆழத் தண்ணீரில் விட்டால் செத்துப்போகும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கழுத்தளவுத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டிருந்தாள். ஆமை தலைக்கு மேல், இரண்டு கைகளிலும். தோட்டக்காரர் மருந்தடிக்கும் ஓஸ் குழாயை வீசினார். ஒரு கையால் பிடித்தாள். மறு கை ஆமையை விடவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தோம்.

வனத்துறைக்காரர்கள் வந்து ஆமையைக் காட்டில் விட்டார்கள். சொந்தக்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆமைக்காகச் சாகப் போனவளை எவன் கட்டுவான், படிப்பை நிறுத்து என்றார்கள். எங்காவது தண்ணீர் சலசலத்தால் இன்றைக்கும் எழுந்துபோய் அவள் எங்கே என்று பார்க்கிறேன். படிப்பை நிறுத்தவில்லை.

பழைய சாக்குகளை நீளமாகத் தைத்தேன். ஒரு முனையை அந்தக் குளத்தின் கரை மரத்தில் கட்டி, மறுமுனையைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன்.

“படுதா கிழிஞ்சுரும் தாயி,” என்றார் தோட்டக்காரர். “ஒரு ஆமைக்கு இம்புட்டா?”

“ஆமை விழுந்தாலும் ஏறட்டும்ணே, எம்மக விழுந்தாலும் ஏறட்டும்.”

“மறுபடியும் வருவாளாக்கும்?”

“வருவா.”

மறுநாள் அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தார். கட்டினேன். அவிழ்த்தார். கட்டினேன். இப்போது அவிழ்ப்பதில்லை.

அடுத்த தோட்டத்துக் குளத்துக்கும் சாக்குத் தைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களிடம் அனுமதி கேட்கப்போவதில்லை.