குழாய்க்குள் வடக்குத் திசை

எம்.ஆர்.ஐ. அறையில் வேலை பார்ப்பவனுக்குத் தெரிந்த ஒரே மந்திரம் "அசையாதீங்க". அதை மறந்துபோகிறவர்களிடமே அதிகம் சொல்ல வேண்டியிருப்பது என் தலையெழுத்து. வீட்டில் மறதிக்காரரை வைத்துக்கொண்டு, ஒரே பதிலை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் அன்பர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும். திருவனந்தபுரத்தில் நான் அதை இரண்டு பாஷையில் வேறு சொல்ல வேண்டும்.

லோடு வந்து நிக்கு

அல்ஸைமர் நோயாளியின் தலையைப் படம் எடுக்க முன்பெல்லாம் முக்கால் மணி நேரம் பிடிக்கும். நல்ல ஞாபகம் உள்ளவனே அந்தக் குழாய்க்குள் அவ்வளவு நேரம் கிடக்க மாட்டான். ஆரியசாலையில் மிளகு மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி ஒருவரைப் படுக்க வைத்திருந்தேன். இயந்திரம் வழக்கம்போல் டமடமவென்று இடிக்க ஆரம்பித்தது. பாதியில் அவர் கையிலிருந்த அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே இருந்தார். என்னவோ ஏதோ என்று ஓடினேன். அதற்குள் தலையை ஆட்டி எல்லாப் படத்தையும் கெடுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வந்த கோபம் இருக்கிறதே!

"வெளிய லோடு வந்து நிக்கு, ஷட்டரைப் போட்டுத் தட்டுகான், நீரு என்னைய இங்க கெடத்திப் போட்டிருக்கீரே!"

அவ்வளவுதானா?

இப்படிப் பலரிடம் பட்ட பிறகு, எங்கள் டாக்டர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். தேவையில்லாத படங்களை விட்டுவிட்டு, தேவையானதை மட்டும் வேகமாக எடுக்கும்படி இயந்திரத்தை மாற்றி அமைத்தார். ஒரு மூடித் தேங்காய் துருவும் நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

முதலில் அண்ணாச்சியைத்தான் திரும்ப வரச் சொன்னோம். இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மகன், நேரமாகும் என்று நினைத்து டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தால் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார். மகனுக்குப் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். வியாபாரியின் கண் அல்லவா, சந்தேகம் தீரவில்லை.

"முழு மூட்டையையும் பாத்தீங்களா சார், இல்ல சாம்பிள்தான் எடுத்தீங்களா?"

மாமாவும் வடக்கும்

அந்தப் பெருமையில் நான் மிதந்துகொண்டிருந்தபோதுதான் வலியசாலையிலிருந்து ஒரு மாமா வந்தார். பேங்கில் அதிகாரியாக இருந்தவர். படம் பார்க்காமல் புது மருந்தை ஆரம்பிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மயக்க ஊசி போடலாம் என்றால், முன்பு வேறொரு இடத்தில் போட்டு, மனுஷர் பல நாள் மாமியையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

மாமா சமர்த்தாகப் படுப்பார். அடுத்த நிமிஷம் எழுந்து உட்காருவார். நான் தமிழில் கெஞ்சினேன். என்னோடு வேலை பார்க்கும் சிந்து மலையாளத்தில் கொஞ்சினாள். பலிக்கவில்லை. பந்தயக் குதிரை தயாராக நிற்கிறது, ஏறத்தான் ஆளில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இனி மருந்து கிடையாதா என்று மாமி வராந்தாவில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அழுகையின் நடுவில் மாமிக்கு ஏதோ தோன்றியது. காலையில் மாமா இதே வராந்தா ஜன்னல் வழியாகச் சூரியனைக் கும்பிட்டிருந்தார்; கிழக்கு எது என்று அவருக்குத் தெரியும். உள்ளே அவர் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். வடக்கு! வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று என் அம்மாவிடம் நானே எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன். பெற்ற பிள்ளைகளின் பெயர் மறந்துபோன மனிதருக்கு அது மட்டும் மறக்கவில்லை. டன் கணக்கில் எடையுள்ள இயந்திரத்தைத் திருப்பியா போட முடியும்?

மாமி வளையல், மெட்டியெல்லாம் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஏன்னா, தூங்கினாத்தானே தோஷம்? நீங்க தூங்க வேண்டாம், கண்ணை முழிச்சுண்டு கெடங்கோ" என்றாள். பிறகு என்னிடம், சீக்கிரம் எடுக்கச் சொன்னாள். படுத்தால் அவருக்கு உடனே தூக்கம் வந்துவிடுமாம்.

மாமா கண்ணை அகல விரித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் கிடந்தார். பழைய முக்கால் மணி நேரமாக இருந்தால் நிச்சயம் தூங்கியிருப்பார். படங்கள் கண்ணாடி போல் விழுந்தன. கட்டுப்பாட்டு அறையில் சந்தோஷத்தில் சிந்துவைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். வெளியே வந்த மாமா, மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நான் தூங்கவே இல்லை, கேட்டியா."

மூளையை வேகமாகப் படம் பிடிக்க இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. திசை பார்க்கத்தான் இன்னும் மாமியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.