மசினகுடி வெயிலில் காய்ந்த சட்டைகள்

எங்கள் மலையில் ஆடி மாதம் துணி காயாது. நெல்லியாளம் பக்கத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், இதை ஒரு குறையாகவே சொல்ல மாட்டார்கள். வெயில் இல்லாவிட்டால் என்ன, அடுப்பு இருக்கிறதே! அடுப்புக்கு மேலே கம்பி கட்டிப் பள்ளிச் சீருடை, அப்பாவின் காக்கி, தம்பியின் டவுசர் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுவிடுவார்கள். விடிந்தால் மொறுமொறுவென்று இருக்கும். அந்தப் பழக்கம் ஒருமுறை என் அத்தையின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமான மறுவருடமே திருப்பூருக்குத் தைக்கப் போனவர். திருப்பூரில் அப்போது ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது. எங்கோ குஜராத்தில் விளைந்த பஞ்சு கோயம்புத்தூரில் நூலாகி, திருப்பூரில் பனியன் துணியாகி, சட்டையாகிக் கப்பலேறியது. தைக்கக் கை போதாமல் கம்பெனிக்காரர்கள் மலையேறி வந்து ஆள் கூட்டிப் போனார்கள். மாமாவுக்குத் தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை. அதை விட்டால் எஸ்டேட்காரர்கள் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும். வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு எங்கே போவது? ஆக, அத்தை அங்கே ஹாஸ்டலில், மாமா இங்கே லயத்தில். கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் அத்தை வரும்போது பை நிறையப் பனியனும் தேன்மிட்டாயும் வரும். என்னைக் கேட்டிருந்தால் இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா என்றிருப்பேன். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும்!

அந்த வருடம் கம்பெனிக்கே ஒரு யோசனை வந்தது. ஆட்களைக் கீழே இறக்குவதற்குப் பதில் துணியை மேலே ஏற்றினால் என்ன? அத்தை முந்திக்கொண்டார். வெட்டிய துணியை அனுப்புங்கள், எங்கள் ஊர்ப் பெண்களை வைத்துத் தைத்துத் தருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிவிட்டார். கோவிலுக்குப் பக்கத்தில், அதாவது எங்கள் மாதா கோவிலுக்குப் பக்கத்தில், சும்மா கிடந்த கொட்டகையில் மெஷின்கள் வந்து இறங்கின. அத்தையும் ஊரோடு வந்து, பெண்களுக்குத் தையல் பழக்கவே சில மாதம் ஆனது. முதல் லோடு கைக்குழந்தைச் சட்டைகள், அத்தனையும் வெள்ளை. சரியாகத் தைத்துக் கொடுத்தால் மாதாமாதம் துணி வரும். சொதப்பினால் மெஷின்களோடு அத்தையும் திருப்பூர் வண்டி ஏற வேண்டியதுதான். இது எங்கள் லயம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

தைத்து முடித்தபோது மழை விடாமல் ஊற்றியது. மூடுபனி கொட்டகைக்குள்ளேயே குடியிருந்தது. அடுக்கி வைத்த சட்டைகள் தொட்டால் சில்லென்று ஈரம் தட்டின. கரண்டும் இல்லை, இஸ்திரி போடவும் வழியில்லை. “இப்படியே கவர்ல போட்டா பூசணம் புடிச்சிரும்” என்று புலம்பிக்கொண்டே அத்தை கவர் வாங்கக் கூடலூருக்குப் போனார்.

மாமாவுக்கு மனசு கேட்குமா? ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, சட்டைகளை மூட்டையாகக் கட்டித் தூக்கிவந்து, அடுக்களை முழுக்கக் கயிறு கட்டினார். தேயிலைச் செடியில் வெட்டிப்போட்ட காய்ந்த மிலாறுக் குச்சிகளை அடுப்பில் வைத்து, நாள் முழுக்க ஊதிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் செக்கச்செவேல். திரும்பி வந்த அத்தை ஒரு சட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, “அட, பொட்டுக்கூட ஈரமில்லையே!” என்று பூரித்துப்போனார். மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை திருப்பூரிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். சின்ன வயது. ஒரு கவரைப் பிரித்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஏனுங்க, இதென்ன இப்படிப் புகை நாத்தம் அடிக்குது?”

அத்தை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அம்மா முகர்ந்தார், தைத்த பெண்கள் முகர்ந்தார்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஆளுக்கொன்றை எடுத்து முகர்ந்தார்கள். சத்தியமாக ஒருவருக்கும் ஒரு வாசமும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து புகையில் காய்ந்த துணியையே உடுத்துகிறவர்களுக்கு எப்படித் தெரியும்!

“தம்பிக்குச் சளி கிளி புடிச்சிருக்கா?” என்று மாமா கேட்டார், நிஜமான அக்கறையோடு.

“எனக்கில்லீங்க. உங்க ஊருக்கே புடிச்சிருக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. திருப்பூரில் அத்தனை வருடம் இருந்தவருக்கும் மலைக்கு வந்ததும் பழைய மூக்கே திரும்பிவிட்டிருந்தது. பச்சைக்குழந்தைக்குப் போடுகிற சட்டை, இப்படி அனுப்பினால் மொத்தத்தையும் திருப்பிவிடுவார்கள் என்றார் சூப்பர்வைசர். திங்கட்கிழமை வண்டி வரும். அதற்குள் சரிசெய்தால் சரி, இல்லையென்றால் மெஷின்களையும் ஏற்றிவிட வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நல்ல மனுஷன்தான், பாவம். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அத்தை அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வசவு விட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

துவைக்கலாம், ஆனால் எங்கே காயவைப்பது? அத்தைக்குத்தான் தோன்றியது. நாங்கள் மழையில் ஊறிக்கொண்டிருக்கும்போது, முதுமலைக் காட்டைத் தாண்டினால் மசினகுடியில் வெயில் அடிக்கும். அம்மாவின் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டா போவது என்று அப்பா முனகினார்.

“ஆண்டவர் வெயிலை அங்கதானே வச்சிருக்காரு, அண்ணா” என்றார் அத்தை.

விடிந்தும் விடியாமலும் ஜீப்பில் மூட்டைகளை ஏற்றினோம். கூடலூர் வரை மழை. காட்டுக்குள் தூறல். மசினகுடியில் இறங்கினால் கண் கூசுகிற வெயில்! பெண்கள் முதலில் ஒரே ஒரு சட்டையைத் துவைத்துக் காயவைத்து, அது சுருங்கவில்லை என்று தெரிந்த பிறகே மற்றவற்றைத் தண்ணீரில் போட்டார்கள். சித்தி வீட்டு வேலி, கொடிக்கயிறு, அக்கம்பக்கத்து மாடி எல்லாம் குட்டிக்குட்டிச் சட்டைகளாகிவிட்டன. குரங்கு விரட்டும் உத்தியோகம் எனக்கு. மாமா கொடிக்கும் வேலிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு சட்டையையும் தொட்டுத் தொட்டுத் திருப்பிப்போட்டார். உட்காருங்கள் என்று சித்தி சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் ஒரு சட்டையை மூக்கருகே கொண்டுபோனார். அவர் இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று.

“நல்லா வெயில் வாசம் அடிக்குதுங்க அக்கா. அடுத்த லோடு வியாழக்கிழமை வந்துரும். அடுப்பங்கரைப் பக்கம் மட்டும் கொண்டுபோயிறாதீங்க.”

இன்றைக்கு அந்தக் கொட்டகை கான்கிரீட் கட்டடமாகிவிட்டது. துணி உலர்த்த மெஷின் இருக்கிறது. பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தும் பெண்கள் வந்து தைக்கிறார்கள். அவர்களில் ஒருத்திகூட ஹாஸ்டலில் தங்குவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் கேசரி கிண்டினார்கள். அத்தையைக் கூப்பிட நான் ஓடினேன். அவர் கட்டிலுக்கடியிலிருந்து திருப்பூர்ப் பெட்டியை இழுத்துப் போட்டு, அதிலிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாமாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். வந்து மாதக்கணக்காகியும் அந்தப் பெட்டியை அவர் காலி செய்திருக்கவில்லை. மாமா அலமாரியின் மேல்தட்டில் புதுசாகத் தாள் விரித்து, புடவைகளை நிதானமாக அடுக்கினார். கேசரி ஆறுது, வாங்க என்று கத்தினேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. லயமே கொண்டாடுகிற நாளில் நாலு புடவையை அடுக்க இதுதானா நேரம் என்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! மாமாவின் சட்டைகளெல்லாம் கீழ்த்தட்டில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மேல்தட்டை அவர் எத்தனை வருடமாகக் காலியாகவே வைத்திருந்தார் என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை.