ஒரு நாளில் மூன்று விடியல்

வெளிச்சம் விற்கிற தொழிலில் வாங்க வருகிற எல்லோருக்கும் வெயிலை நம்மைவிட நன்றாகத் தெரியும். விளக்குக் கடை வைத்து அலுத்தவர்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

கோவில்பட்டியில் என் கடையில் டியூப்லைட்டும் சோக்கும்தான் ஓடும். வண்ண எல்.ஈ.டி. வந்த புதிதில், கல்லூரியில் படித்த பௌதிகம் வீணாகிறதே என்று ஒரு விளக்கு செய்தேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் புரோகிராம் எழுதிக் கூட்டிக் குறைத்தால் விடியல், உச்சி, அந்தி என்று அதுவே நிறம் மாறும்.

சேலையும் வெயிலும்

முதலில் வாங்கியவர் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி. நிறம் பார்க்கிறேன் என்று பெண்கள் சேலையைத் தெருவுக்குத் தூக்கிப்போவதை நிறுத்த வேண்டுமாம். விளக்கை உச்சிவெயில் நிறத்தில் நிறுத்தி மாட்டிக்கொடுத்தேன். புதூரிலிருந்து வந்த ஒரு அம்மா அரக்குச் சேலையை விளக்கடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு மடிப்பைப் பிரித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

“லைட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் இதக் கட்டிக்கிட்டு வெயில்லல்லா போகணும்.”

கரண்டு வந்தால் காலை

அண்ணாச்சி திருப்பிக் கொடுத்த விளக்கு இடைசெவலுக்குப் போனது. மாரியம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள். படுக்கையில் விழுந்த மாமனாருக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை. பகல் எது, இரவு எது என்று தெரியாமல் ராத்திரி முழுக்க ஏர் பூட்டச் சொல்லிக் கூப்பிடுவார். தூக்கமில்லாமல் போய் வேலையில் கண்ணயர்ந்தவளிடம், இன்னொரு தடவை தூங்கினால் வரவேண்டாம் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார்.

மாட்டிவிட்டு வந்தேன். அது மின்வெட்டுக் காலம். கரண்டு போய் வரும்போதெல்லாம் விளக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதை, இந்த ஊரில் இருந்துகொண்டே நான் யோசிக்கவில்லை. ஒரே நாளில் மூன்று தடவை விடிந்திருக்கிறது. கிழவர் மூன்று தடவையும் காப்பி கேட்டு, மாட்டை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்; கடைசி விடியல் ராச்சாப்பாட்டுக்குப் பிறகு. மறுநாள் மாரியம்மா கண் சிவந்து வந்து நின்றாள்.

“யக்கா, ஒங்க சூரியனுக்கும் ஈ.பி.லதான் உத்தியோகமா?”

மப்பு

உள்ளே பேட்டரிக் கடிகாரம் ஒன்று வைத்தேன். இப்போது நேரம் பிசகவில்லை. ஆனால் உச்சி வந்ததும் கிழவர், பாழாய்ப்போன வெயில் என்று துண்டை முகத்தில் போட்டுப் பகலெல்லாம் தூங்கினார். இரவில் மறுபடி ஏர். உச்சிவெயிலை அழகு என்று நினைத்தது என் படிப்பு. அவர் அதில் அறுபது வருஷம் நின்றவர்.

ஆபீஸ் விடுமுறை நாளில் போய், மதியத்துக்கு மேல் சிவப்பைக் குறைத்து, ஈயநிறத்தில் மங்கலாக்கினேன். ஐப்பசி மழைமேகம் கவிந்த மப்பு. கிழவர் துண்டை விலக்கிக் கூரையையே பார்த்தார். ஏட்டி மாரி, களத்து வத்தல அள்ளு, மழ வருது என்றார். அந்த வீட்டில் மிளகாய் காயப்போட்டு வருஷங்களாகிவிட்டன. மாரியம்மா வாசல்வரை போய் வெறும் வெயிலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்து, அள்ளியாச்சு மாமா என்றாள். அன்று மாலைவரை அவர் கண் மூடவில்லை, மழைக்குக் காத்திருந்தார்.

அடுத்த மாதம் மாரியம்மாவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் தூக்குவாளி, வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

“மாமா ராத்திரி தூங்குதாவ யக்கா. நானும் தூங்குதேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இல்லாத வத்தல ஒருக்க அள்ளணும், அவ்ளோதான்.”

அந்த வருஷம் எங்கள் கரிசலில் தவறாமல் மப்புப் போட்டது ஜன்னல் இல்லாத அந்த ஓர் அறையில்தான், அதுவும் கரண்டு இருந்த நாட்களில்.