ஐனு அங்கியும் மாமாவின் கோட்டும்

வெளிநாட்டில், நாங்கள் குடியேறியிருந்த கோட்-டெ-நெய்ஜில் நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, பழைய படங்களைப் பார்த்து மற்றவர்கள் கவனிக்காத ஒன்றைக் கண்டுபிடித்து எழுதி வரும்படி டீச்சர் சொன்னார். நூலகத்தில் எனக்கு அகப்பட்டது ஐனு மக்களின் படப்புத்தகம். ஜப்பானின் வடக்கே, குளிர் நாட்டுப் பூர்வகுடிகள். கமரா வந்த புதிதில் எடுத்த படங்கள். மூன்று படங்களில் மூன்று தாடிக்காரர்கள் ஒரே பூவேலை அங்கியை அணிந்திருந்தார்கள். மூன்றிலும் கை ஓரத்தில் அதே கிழிசல். படம் விற்பதற்காகப் படக்காரரே அங்கியைக் கொண்டுபோய் எல்லோருக்கும் மாட்டியிருக்கலாம் என்று டீச்சர் விளக்கி, என் கண்ணை வகுப்பின் முன் புகழ்ந்தார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தல். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, என் அம்மாவின் தம்பி, மாமா. பக்கத்துச் சென்ட் லோரன்ட்டில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். பெண் யாழ்ப்பாணத்தில். அவளுடைய படம் இரண்டு மாதமாக மாமாவின் தலையணைக்கடியில் இருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதென்று நினைத்தவர் மாமா மட்டும்தான்.

பார்க்க வந்தவர், எங்கள் நகரத்திலேயே இருந்த அவளுடைய பெரியம்மா. இன்னொரு இடமும் வந்திருக்கிறது என்று சொல்லி, கைப்பையிலிருந்து மாமாவின் படத்தையும் மற்ற மாப்பிள்ளையின் படத்தையும் எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு மாப்பிள்ளைகளும் கறுப்புக் கோட்டில், ஒரு காரில் சாய்ந்து நின்றார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே கோட். பாருங்கோ, நடுப் பட்டன் இல்லை," என்றேன்.

ஊருக்குப் படம் அனுப்பவென்று அந்தக் கோட் எங்கள் கட்டடத்தில் வீடு வீடாகப் போய்வந்தது. பெரியம்மாவின் வீட்டிலும் அப்படி ஒரு கோட் இருந்திருக்கும். ஆனால் ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொன்ன பிறகு தெரியாததுபோல் இருக்க முடியாது.

மாமா நிலத்தைப் பார்த்தபடி பெரியம்மாவிடம், "கோட் சினேகிதன்ர. காரும் என்ர இல்லை, அக்கா," என்றார்.

பெரியம்மா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "யோசிச்சுப்போட்டுப் பேந்து அறிவிக்கிறம்," என்று சொல்லி எழும்பினார். மற்றப் படத்தைக் கைப்பையில் வைத்தார். மாமாவின் படம் மேசையிலேயே கிடந்தது.

மறந்துவிட்டார் என்று நினைத்து, நான் பஸ் தரிப்பு வரை ஓடிப்போய்க் கொடுத்தேன். அவர் என் கன்னத்தைத் தட்டி வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். நல்ல பிள்ளை என்றார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஓடும்போது இன்னொன்றையும் கவனித்திருந்தேன். ஐனு படங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை, மாமா தன் படத்தில் சிரித்திருந்தார். அதையும் கொப்பியில் எழுதினேன். டீச்சர் மறுபடி புகழ்ந்தார். அந்தப் படத்தில் மாமா யாருக்காகச் சிரித்தார் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.