பாலத்து முனையில் அரைப்பேர்

அட்டை கடித்த காலில் சுண்ணாம்பைத் தடவிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, புஷ்பவதி ரிமோட்டை எடுக்கிறார். கத்தாரிலிருந்து திரும்பிய தம்பி செல்லத்துரை கொண்டுவந்த வீடியோ கேமுக்கு உரியது அது. "ரிமோட் இல்லக்கா, கன்ட்ரோலர்" என்று அவன் எத்தனை முறை திருத்தியும் பயனில்லை. இலங்கையின் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பகல் முழுக்கக் கொழுந்து பறித்த விரல்கள், பித்தான்களின் மேல் தாமாகவே ஓடுகின்றன.

நான் அடுத்த காம்பராக்காரன், பக்கத்து அறையில் குடியிருப்பவன். வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் நடுச்சுவர் மெல்லியது. அந்தத் திரைக்குள் நடக்கும் சண்டை முழுவதும் என் தலையிலும்தான் விடிகிறது. பொறுக்க முடியாமல் ஒருநாள் போய்க் கேட்டேன், ஐம்பதை நெருங்கும் வயதில் துப்பாக்கி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று.

"சுடுறது பெரிய சள்ளண்ணே. அத முடிச்சாத்தான் கத நகருது," என்றார்.

கதை இதுதான். போர் நடக்கும் ஏதோ ஓர் ஊரில், பிரிந்துபோன மகளைத் தேடி ஒருவன் நடக்கிறான். மகள் ஆற்றுக்கு அக்கரையில், நடுவில் ஒரு பாலம். அவனுடைய ரேடியோவில் அவ்வப்போது கூப்பிடுகிறாள். பேசுவது ஆங்கிலம்தான், அப்பாவைக் கூப்பிடுகிறாள் என்பது மட்டும் புஷ்பவதிக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. ஆட்டம் முழுக்க, மூட்டை சுமந்த அவன் முதுகைத்தான் பார்க்க முடியும். அதிலென்ன இருக்கிறது என்று கேட்டால் புஷ்பவதிக்குக் கோபம் வருகிறது.

"மூட்ட சொமந்து போறவனுக்கு மொகம் என்னத்துக்கு? மலையில பனி மூடிருச்சுன்னா, முதுக வச்சுத்தான் நாங்க ஆள கண்டுபுடிப்போம்."

ஏற்றத்தில் அவனை ஓட விடமாட்டார். மூச்சு வாங்கினால் நிறுத்திவைப்பார். எதிரி சுட்டுக்கொண்டிருந்தாலும் சரி.

செல்லத்துரைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஆட்டத்தை முன்பே முடித்தவன், "பாலத்த தாண்டுனா மகள காப்பாத்திருவான்க்கா. ஆனா இவன் செத்துருவான்" என்று சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து புஷ்பவதி பாலத்து முனைவரை போவார், திரும்பிவிடுவார். தாண்டினால் இவன் போய்விடுவான். தாண்டாவிட்டால் அந்தப் பிள்ளை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

"ரெண்டும் பாவமாத்தான் இருக்கு. நா என்னண்ணே செய்ய?" என்று உண்மையாகவே கேட்கிறார்.

நேற்று நல்ல மழை. கொழுந்து நிறை குறைந்ததால் அவருக்கு அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. தோட்டத்தில் அதற்கு அரைப்பேர் என்று பெயர். நாள் முழுக்க நனைந்தவருக்கும் அதுதான் கணக்கு. வந்து விளையாட உட்கார்ந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். திரையிலும் மழை. பாலத்து முனையில் ரேடியோ கூப்பிட்டது.

"போக விடுக்கா. கதையாவது முடியட்டும்," என்றான் செல்லத்துரை.

புஷ்பவதி பித்தானிலிருந்து விரலை எடுத்தார்.

"அனே, பாவம், வேணாம். அவனும் காலையிலேர்ந்து நனையிறான். இன்னைக்கு அவனுக்கு அரப்பேரு போதும்."

தம்பி சிரித்தான். என்னால் முடியவில்லை. புஷ்பவதி அவனைத் திருப்பி, வந்த வழியே மெல்ல நடத்தி, ஒரு தகரக் கொட்டகையின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். முதுகிலிருந்த மூட்டையும் கூரைக்குள் வந்துவிட்டதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் சுவிட்சை அணைத்தார்.